இனிஷியேட்டிவ்: முந்துருட்டு, முந்தெண், முறைவரிசை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போல மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் ஆட்டங்களில் சண்டை மூண்டதும் யார் முந்தி, யார் பிந்தி என்று முடிவாக வேண்டும். அதற்கான ஆங்கிலப் பெயர்தான் இனிஷியேட்டிவ். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, இருபது முகக் கட்டையை உருட்டி, விழுந்த எண்ணோடு, பாத்திரத்தின் சுறுசுறுப்பைக் குறிக்கும் டெக்ஸ்டெரிட்டிக்குரிய கூட்டெண்ணைச் சேர்க்க வேண்டும். டெக்ஸ்டெரிட்டி 16 என்றால் கூட்டெண் 3. கட்டையில் 12 விழுந்தால் மொத்தம் 15. பெரிய எண் வைத்திருப்பவர் முதலில் ஆடுவார். சண்டை முடியும்வரை அதே வரிசைதான்.

சொல்லின் வேர் லத்தீன். ‘இனிஷியம்’ என்றால் தொடக்கம். உள்ளே போதல் என்ற பொருள்கொண்ட வினையிலிருந்து பிறந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, எதிரிக்கு முன்னே கை ஓங்குவது என்ற போர்ப்பொருளும் பெற்றது. இந்த ஆட்டங்களுக்குத் தாயான போர் விளையாட்டுகளில் உருட்டியது ஆளுக்கு ஒன்று அல்ல, அணிக்கு ஒன்று. 1989இன் இரண்டாம் பதிப்பில் பத்து முகக் கட்டை. அங்கே சிறிய எண்ணுக்கே முதலிடம், சுற்றுதோறும் புதிதாக உருட்டவும் வேண்டும். சண்டைக்கு ஒருமுறை, ஆளுக்கு ஒரு உருட்டு என்ற இன்றைய வழக்கத்தை நிலைப்படுத்தியது 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு.

தமிழில் என்ன சொல்லலாம்? செய்தித்தாள்களில் வரும் ‘முன்முயற்சி’, ‘முன்னெடுப்பு’ இரண்டும் இங்கே பொருந்தா. அவை மனிதரின் குணத்தையோ திட்டத்தையோ குறிப்பவை. ‘தூசிப்படை’ என்ற பழஞ்சொல் அழகானது, ஆனால் அது முன்னே செல்லும் படை, எண் அல்ல. நெல்லைச் சீமையில் தாயம் ஆடும் பிள்ளைகள் “ஏலே, அடுத்து யாரு முறைலே?” என்றுதான் கேட்கிறார்கள். தாமிரபரணிக் கால்வாய்களில் தண்ணீர் குறைந்தால் ‘முறை வைத்து’ விடுவதும் அதே சொல்தான். வரிசை, நீதி இரண்டும் அதற்குள் இருக்கின்றன; ‘முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்’ என்பது குறள். ஆகவே ‘முறை’யை விட்டு வேறு சொல் தேட வேண்டியதில்லை.

சிக்கல் வேறிடத்தில். ஆங்கிலம் மூன்று பொருள்களை ஒரே சொல்லில் அடைத்து வைத்திருக்கிறது: கட்டையை உருட்டும் செயல், கிடைத்த மொத்தம், அதனால் அமைந்த வரிசை. தமிழில் இவற்றை முந்துருட்டு, முந்தெண், முறைவரிசை என்று பிரிப்பதே சரி. சண்டையைக் கணக்கு வைக்கும் செயலி ஒன்றைத் திட்டமிடுபவருக்கு இந்தப் பிரிவு கட்டாயம் தேவை, ஏனென்றால் மூன்றும் ஒன்றோடொன்று எப்போதும் இணையாகப் போவதில்லை.

பாபநாசம் மலைப்பாதையில் நான்கு செந்நாய்கள் மறிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் பதிப்பில் ஒரே வகை விலங்குகளுக்கு ஒரே முந்துருட்டுதான். முந்தெண்ணும் ஒன்று, ஆனால் இன்னும் எவ்வளவு அடி தாங்கும் என்று காட்டும் உயிர்ப்புள்ளிக்கு நான்கு வரிகள் வேண்டும். பெரும் அரக்கனின் குகையே தாக்கும் ‘லேர் ஆக்‌ஷன்’ உருட்டாமலே 20ஆம் எண்ணில் நிற்கும், சமன் வந்தால் பின்னே போகும். இதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பில் ஒருவர் தன் முறையைத் தள்ளிவைத்தால், திரும்ப நுழைந்த இடமே இனி அவர் இடம். உருட்டிய எண் என்னவாயிருந்தாலும் சரி. மூன்றையும் ஒரே கட்டத்தில் எழுதிய செயலி இங்கெல்லாம் தடுமாறும்.

அதனால் முந்தெண் ஒரு கட்டம், எண்கள் சமமானால் யார் முந்தி என்று முடிவுசெய்யும் சமன்முறி ஒரு கட்டம், வரிசை இடம் தனிக் கட்டம். சமனை உடைக்க 15.16 என்று டெக்ஸ்டெரிட்டியைத் தசமமாக ஒட்டுவது பழைய தந்திரம், அது வேண்டாம். ஐந்தாம் பதிப்பில் ஆட்டக்காரர்களுக்குள் சமன் என்றால் முடிவு அவர்களுடையது, கையால் மாற்ற வழி இருக்க வேண்டும். எண்களை எழுத்தாகச் சேமித்தால் 9 என்பது 18க்கு மேலே போய் நிற்கும். விரிதாளில் செய்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டுகிறார்கள். பெரியது முதலா, சிறியது முதலா என்ற தெரிவும், சுற்றுதோறும் உருட்டும் தெரிவும் வைத்தால் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1989 இரண்டாம் பதிப்பை ஆடுபவர்களுக்கும் பயன்படும்.

‘இப்போது யார் முறை’ என்பதை வரி எண்ணாகச் சேமிக்கக் கூடாது. நான்கு பேரில் இரண்டாமவர் முறை நடக்கிறது; அவர் அடித்து முதலாமவர் சாக, அந்த வரியை நீக்குகிறீர்கள். எல்லோரும் ஓரிடம் மேலே ஏற, நடப்பு முறையைக் காட்டும் சுட்டி இரண்டிலேயே நிற்கும். ‘அடுத்து’ என்று தட்டினால் மூன்றாமவர் முறை காணாமல் போய்விடும். வயல்காரர் வரவில்லை என்று, மடை திறந்து தண்ணீர் பாய்ச்சும் மடைக்குடும்பன் அடுத்தவர் முறையை அழிப்பதில்லை. செயலியும் அப்படித்தான் நடக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் மாறாத அடையாள எண் கொடுத்துச் சுட்டியை அதில் கட்டுங்கள். உயிர்ப்புள்ளி 0 ஆனவரை நீக்கவே வேண்டாம்: ஆட்டக்காரரின் பாத்திரம் என்றால் தன் முறை தொடங்கும்போது சாவா பிழைப்பா என்று உருட்ட வேண்டியிருக்கும்.

சொல்லில் இன்னொரு கவனம். தமிழில் ‘மூன்று முறை’ என்றால் மூன்று தடவை என்றும் பொருள். ஆகவே காலத்தைக் குறிக்க ‘சுற்று’ என்றே எழுதுங்கள். ஒரு சுற்று ஏறத்தாழ 6 நொடி, ஒரு நிமிட மந்திரத்துக்கு 10 சுற்று. விளைவு முடியும் இடத்தைச் சுற்று எண்ணோடு மட்டும் கட்டினால் தவறும். யாருடைய முறையில், அதன் தொடக்கத்திலா முடிவிலா என்ற இரண்டையும் சேர்த்துப் பதிய வேண்டும். எதிரி ஒருவர் முழு முறை கூடுதலாக மயங்கிக் கிடப்பதும் கிடக்காததும் அதைப் பொறுத்தது.