குழந்தை இல்லாத கர்ப்பத்திலும் எகிறும் பிரஷர்

முத்துப்பிள்ளை கர்ப்பத்தில் பெரும்பாலும் குழந்தையே உருவாவதில்லை. நஞ்சுக்கொடித் திசு மட்டும் திராட்சைக் கொத்துபோல் வளர்ந்துகொண்டே போகும். அப்போதும் சில பெண்களுக்கு ரத்த அழுத்தம் எகிறி, சிறுநீரில் புரதம் வெளியேறும். கர்ப்பத்தில் இப்படிப் பிரஷர் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் நோயான ப்ரீஎக்ளாம்ப்சியாவுக்குக் குழந்தை தேவையில்லை, நஞ்சுக்கொடி போதும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

கர்ப்பத்தின் முதல் பாதியில் நஞ்சுக்கொடியின் செல்கள் கருப்பைச் சுவருக்குள் புகுந்து, அங்குள்ள சுருள் தமனிகளை அகலப்படுத்தும். சிலருக்கு இந்த வேலை அரைகுறையாக நின்றுவிடுகிறது. ரத்தம் போதாமல் தவிக்கும் நஞ்சுக்கொடி, தாயின் ரத்தத்தில் சில புரதங்களை அளவுக்கு மீறிக் கலந்துவிடுகிறது.

அவற்றில் முக்கியமான எஸ்எஃப்எல்டி-1-ஐ 2003-ல் அடையாளம் காட்டியது பாஸ்டனில் இருந்த ஆனந்த் கருமஞ்சியின் குழு. அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ரத்தக்குழாய்களின் உட்சுவரைப் பேணும் வளர்ச்சிக் காரணிகளை இந்தப் புரதம் பிடித்து முடக்கிவிடுகிறது. எலிகளின் உடலில் இதைக் கூட்டியபோது, கர்ப்பமில்லாத எலிகளுக்கும் பிரஷர் ஏறியது, சிறுநீரில் புரதம் வந்தது.

உட்சுவர் கெட்டால் குழாய்கள் இறுகும். சிறுநீரக வடிகட்டி ஒழுகும். கல்லீரல் பாதித்தால் வலது விலாவுக்குக் கீழே வலிக்கும். மூளை பாதித்தால் கடும் தலைவலி, பார்வை மங்கல், கடைசியில் வலிப்பு.

வழக்கமாக 20 வாரத்துக்குப் பிறகே பிரஷர் 140/90-ஐத் தொடும். கோளாறோ அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டது. அதனால்தான் முந்தைய கர்ப்பத்தில் இது வந்தவர்கள், சர்க்கரை அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள் போன்றோருக்கு டாக்டர்கள் குறைந்த அளவு ஆஸ்பிரினை 16 வாரத்துக்குள் தொடங்கப் பார்க்கிறார்கள். உப்பைக் குறைத்தால் வராது என்று வீட்டில் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் இல்லை.

சரி, வந்துவிட்டால்? லேபெட்டலால் போன்ற பிரஷர் மாத்திரைகள் பக்கவாத ஆபத்தைக் குறைக்கும், நோயின் மூலத்தைத் தொடாது. வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி. 2002-ல் வெளியான மேக்பை ஆய்வில், 33 நாடுகளைச் சேர்ந்த சுமார் 10,000 பெண்களிடம் அது வலிப்பைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தது. முழுத் தீர்வு நஞ்சுக்கொடி வெளியேறுவதுதான். 37 வாரம் ஆகிவிட்டால் பிரசவத்தைத் தள்ளிப்போடுவதில்லை. நிலைமை மோசமானால் அதற்கு முன்பே.

அதன் பிறகும் பாதிப்பு உடனே அடங்கிவிடாது. பிரசவமாகி 6 வாரம் வரைகூட இது வரலாம். பச்சை உடம்புக்காரி தலை விண்விண் என்று வலிக்கிறது என்றால், தூக்கமில்லாததால்தான் என்று விடாமல் அன்றைக்கே பிரஷர் பார்க்க வேண்டும்.