ஆர்க்டிக் ஓநாய்ச் சிலந்தி: ஒரு பெயர், மூன்று விலங்குகள்

பார்டோசா கிளேசியாலிஸ். கிரீன்லாந்தின் துந்திரா தரையில் ஓடித் திரியும் இந்தச் சிலந்தி கட்டைவிரல் நகத்தில் அடங்கிவிடும். பெயரைப் பிரித்தாலோ பாதிக் காடு வெளியே வருகிறது. 'ஆர்க்டிக்' என்பதன் வேர் 'ஆர்க்டோஸ்', கிரேக்கத்தில் கரடி. வடவானத்துப் பெருங்கரடி விண்மீன் கூட்டத்தால் வந்த பெயர். நம் சப்தரிஷி மண்டலம் அதற்குள்தான் இருக்கிறது. குடும்பம் லைகோசிடே, 'லூகோஸ்' என்றால் ஓநாய். பேரினம் பார்டோசா, 'பார்டோஸ்' என்றால் சிறுத்தை. கிளேசியாலிஸ் மட்டும் லத்தீன்: பனிக்கட்டிக்கு உரியது.

சிலந்திக்குத் தமிழில் பஞ்சமில்லை. சங்கப் பாட்டில் அது சிலம்பி, ஊர்ப்பேச்சில் எட்டுக்கால் பூச்சி. பூச்சிக்கு ஆறு கால்தானே என்று அறிவியல் ஆசிரியர் திருத்துவார். இருட்டில் பாம்பையே 'பூச்சி' என்று சொல்லும் ஊரில் அந்தத் திருத்தம் எடுபடாது. ஓநாய் என்பதும் பாதிதான் பொருந்தும். வலை கட்டிக் காத்திருக்காமல் ஓடிப் பிடிக்கிறது, சரி. ஆனால் கூட்டு வேட்டை கிடையாது.

தமிழ்ப்பெயர் வைப்பதில் சிக்கல் கிளேசியாலிஸில்தான். 'பனி' என்றால் நமக்கு மார்கழிப் புல்நுனியில் நிற்பதும் அதுதான். 'பனிச் சிலந்தி' என்று எழுதினால் பனிக்கட்டி மேலேயே குடியிருப்பது போலாகிவிடும். இதுவோ பனி உருகித் தரை தெரிந்த பிறகுதான் நடமாடும். அதனால் 'பனிநில ஓநாய்ச் சிலந்தி' என்பதே என் தேர்வு.

அந்தப் பனி இப்போது சீக்கிரம் உருகுகிறது. வடகிழக்கு கிரீன்லாந்தின் சாக்கென்பெர்க் ஆய்வு நிலையத்தில் 1996 முதல் தரையில் கிண்ணங்களைப் புதைத்து, அவற்றில் விழும் சிலந்திகளைச் சேகரித்து வருகிறார்கள். பனி முந்தி உருகினால் சிலந்திகள் பெரிதாக வளர்கின்றன, ஆணைவிடப் பெண் இன்னும் அதிகமாக. 2009இல் வெளியான ஆய்வு இது.

அப்புறம் முட்டைப்பை. தாய் அதைப் பின்பக்கம், நூல் சுரக்கும் இடத்தில் ஒட்டவைத்து இழுத்துக்கொண்டே ஓடும். பொரிந்த குஞ்சுகள் அதன் முதுகில் ஏறிக்கொள்ளும். ஆய்வாளர் டோக்கே ஹோயே குழுவினர் இந்தப் பைகளைப் பிரித்து உள்ளே இருந்தவற்றை எண்ணினார்கள். கோடையின் தொடக்கத்தில் கிடைத்த பைகளில் எண்ணிக்கை அதிகம், பிந்திக் கிடைத்தவற்றில் குறைவு. பிந்தியவை அதே கோடையில் இரண்டாம் முறை இட்ட முட்டைகள் என்று 2020இல் எழுதினார்கள். பனி முந்தி உருகிய ஆண்டுகளில் இரண்டாவது பை சுமந்த தாய்களின் பங்கு கூடியிருந்தது.