ஹாஸ்பிஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

"இனி ஹாஸ்பிஸ் பார்க்கலாம்" என்று டாக்டர் சொன்னால் சிலர் காதில் அது ஹாஸ்பிடல் என்று விழுகிறது, சிலருக்கு "கைவிட்டுட்டாங்க" என்று விழுகிறது. இரண்டும் தப்பு. இனிக் குணமாகாது என்ற நிலையில் இருப்பவரை, வலியையும் வேதனையையும் குறைத்துக் கடைசிவரை கவனித்துக்கொள்வதுதான் ஹாஸ்பிஸ். ஆனால் முதல் குழப்பத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு, ஹாஸ்பிஸும் ஹாஸ்பிடலும் ஒரே வேர்ச்சொல்லின் பிள்ளைகள்தான்.

லத்தீனில் ஹாஸ்பெஸ் என்றால் விருந்தாளி. விருந்தோம்புகிறவருக்கும், முன்பின் தெரியாத அயலாருக்கும்கூட அதே சொல்தான். (நம் 'விருந்து' மட்டும் என்ன, முதலில் புதுமை, அப்புறம் புதிதாக வந்தவர், அதற்கும் அப்புறம்தான் சாப்பாடு.) இடைக்கால ஐரோப்பாவில் ஹாஸ்பிஸ் என்பது யாத்திரை போகிறவர்கள் தங்கிய சத்திரம். ஹோட்டல், ஹாஸ்டல் எல்லாம் இந்தக் குடும்பமே. மரணத்தை நெருங்கியவர்களைக் கவனிக்கும் இடம் என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் ஒட்டிக்கொண்டது. அதற்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் நர்ஸாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பிறகு டாக்டரான சிசிலி சாண்டர்ஸ். 1967-ல் லண்டனில் அவர் திறந்த ஹாஸ்பிஸுக்குப் பயணிகளின் காவலரான புனித கிறிஸ்டோபரின் பெயரை வைத்தார், பழைய சத்திரம் அவர் மனதில் இருந்திருக்கிறது. வலி வந்தபின் ஊசி தேடி ஓடாமல், வலி திரும்பும் முன்பே நேரம் தவறாமல் மருந்து கொடுப்பது அவர் வலியுறுத்திய முறை.

சரி, தமிழில்? 'மரண விடுதி' வேண்டவே வேண்டாம். 'கருணை இல்லம்' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் 'கருணைக் கொலை' பக்கத்திலேயே நிற்கிறதே! ஹாஸ்பிஸ் சாவை விரைவுபடுத்துவதில்லை, இழுத்துப் பிடித்து நீட்டுவதும் இல்லை. நோயைக் குணமாக்கும் முயற்சியைத்தான் நிறுத்துகிறார்கள். வலி, மூச்சுத்திணறல், குமட்டல், பயம் இவற்றுக்கான சிகிச்சை தொடர்கிறது. உடல் தேறினால் வெளியே வந்துவிடலாம். 'தணிப்புச் சிகிச்சை'யும் சரிவராது, அது பேலியேட்டிவ் கேருக்கான சொல், அதாவது நோயின் வேதனையைக் குறைக்கும் சிகிச்சை. அதை நோய் கண்டுபிடித்த நாளிலிருந்தே மற்ற சிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்கலாம்.

நான் 'இறுதிக்காலப் பராமரிப்பு' என்றே எழுதுகிறேன். 'இல்லம்' என்பதை வேண்டுமென்றே விட்டுவிட்டேன், ஏனென்றால் பல நேரம் இது நடப்பது நோயாளியின் சொந்த வீட்டில், நர்ஸும் டாக்டரும் சமூகப் பணியாளரும் முறைபோட்டு வந்துபோவார்கள், புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, வறண்ட வாயை ஈரமாக்குவது, சாப்பாடு இறங்காதபோது வற்புறுத்தாமல் இருப்பது எல்லாம் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், ராத்திரி திடீரென்று வலி கூடினால் எந்த மருந்து எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பார்கள். இந்தச் சொல்லிலும் ஒரு குறை இருக்கிறது. நோயாளி போனபிறகும் பல மாதங்கள் குடும்பத்தாரைக் கூப்பிட்டுப் பேசித் துக்கத்தில் துணை நிற்பதும் இதே வேலையின் பகுதிதான், அதற்கு 'இறுதிக்காலம்' எப்படிப் பொருந்தும்? இதைவிட நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் மாற்றிக்கொள்கிறேன்.