மூன்று மலைப்பாதையும் ஆறு கோடுகளும்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கேரளத்து ஏலமலைக்கு ஏற, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று மலைப்பாதைகள். விடியுமுன்னே தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்காரர்களுக்கு மூன்றும் தண்ணி பட்ட பாடு. அவற்றை ஒரு துண்டுத் தாளில் வரைவோம்.

போடி, கம்பம், குமுளி, நெடுங்கண்டம், பூப்பாறை: ஐந்து புள்ளிகள். கீழே போடி–கம்பம், மேலே குமுளி–நெடுங்கண்டம், நெடுங்கண்டம்–பூப்பாறை, மலையேற போடி–பூப்பாறை, கம்பம்–நெடுங்கண்டம், கம்பம்–குமுளி. ஆக ஆறு கோடுகள். கிளைச் சாலைகளை விட்டுவிட்டேன். கொண்டை ஊசி வளைவும் செக்போஸ்ட்டும் இதில் கிடையாது. எந்த ஊர் எதோடு சேர்கிறது என்பது மட்டும்தான். இதற்குப் பெயர் கோட்டுரு. புள்ளி முனை, கோடு விளிம்பு. ஒரு முனையில் எத்தனை கோடு சேர்கிறதோ அது அதன் படி.

ஆறு சாலையிலும் ஒரே ஒரு தடவை போய் முடிக்க முடியுமா? போடியில் கிளம்பினால், எப்படிச் சுற்றினாலும் ஏதாவது ஒன்று மிஞ்சும். கம்பத்தில் கிளம்பிப் பாருங்கள்: போடி, பூப்பாறை, நெடுங்கண்டம், குமுளி, மறுபடி கம்பம், கடைசியாகக் கம்பம்மெட்டு ஏறி நெடுங்கண்டம். முடிந்தது!

காரணம் எளிது. வழியில் வரும் ஊருக்குள் ஒரு சாலையில் நுழைந்தால் இன்னொன்றில் வெளியேற வேண்டும். சாலைகள் சோடி சோடியாகத் தீரும். படி ஒற்றைப்படை என்றால் அந்த ஊர் தொடக்கமாகவோ முடிவாகவோதான் இருக்க முடியும். இங்கே கம்பத்துக்கும் நெடுங்கண்டத்துக்கும் படி 3, மற்றவற்றுக்கு 2. கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒரே ஒரு தடவை கடந்து முடிக்க முடியுமா என்பதும் இதே கேள்விதான். அங்கே பாலங்கள் சேர்க்கும் நான்கு நிலப்பகுதிகளுக்கும் படி 5, 3, 3, 3. நான்கும் ஒற்றைப்படை, அதனால் முடியாது என்று கணித மேதை ஆய்லர் 1730களில் சொல்லிவிட்டார், பாலம் பாலமாக நடந்து பார்க்காமலே.

சரி, போடியிலிருந்து நெடுங்கண்டத்துக்குச் சீக்கிரம் போவது எப்படி? 1956இல் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் யோசித்த வழி இது: இதுவரை எட்டியதில் மிக அருகிலுள்ள ஊரை முடிவுசெய், அங்கிருந்து அடுத்ததைக் கூட்டு. கணக்குக்காக, போடியிலிருந்து கம்பம் 60 நிமிடம், பூப்பாறை 75 என்று வைப்போம். கம்பம் முதலில். அங்கிருந்து நெடுங்கண்டம் 65, குமுளி 45. மொத்தம் 125, 105. அடுத்து பூப்பாறை, அங்கிருந்து நெடுங்கண்டம் 70, மொத்தம் 145. குமுளி வழி இதைவிடச் சுற்று. ஆக 125தான் குறைவு.

கம்பம்மெட்டில் மூடுபனி என்றால் 65ஐ 90 ஆக்குங்கள். 150 ஆகிவிடும், பூப்பாறை வழி முந்தும். ஆனாலும் ஜீப்காரர் கம்பம் வழியாகத்தான் போவார். அந்த வழியிலுள்ள தேவாரம் ஊரில் நாலு பேர் காத்திருப்பார்களே.