கணினிக்கே தெரியாத கடவுச்சொல்

மாங்குளத்துக்கு அண்மையில் உள்ள ஒரு கமக்காரர் அமைப்பின் அலுவலகத்தில், பெரும்போக விதைப்புக்கு முன்னர் உறுப்பினர் பட்டியலை அச்சிட வேண்டியிருந்த நாளில், கணினி திறக்க மறுத்தது. முன்னைய செயலாளர் ஒரு கொப்பியின் பின்னட்டையில் எழுதிக் கொடுத்திருந்த கடவுச்சொல்லைப் பார்த்தே புதிய செயலாளர் பத்துத் தடவை தட்டினார். அதன் பின்னர் கணக்குப் பூட்டப்பட்டுவிட்டது என்ற செய்தி திரையில் தோன்றியது. "கடையில குடுத்தால் பாஸ்வேர்ட்டை எடுத்துத் தருவாங்கள்" என்றார் அருகில் நின்ற ஒருவர். இந்த நம்பிக்கை நம்மிடையே பரவலாக உண்டு. ஆனால் எந்தக் கடைக்காரராலும் அதை நேரடியாக எடுத்துத் தர முடியாது. ஏனெனில் அந்தச் சொல் கணினியில் எழுதி வைக்கப்படவே இல்லை.

தொடக்ககாலக் கணினிகள் அதை உள்ளபடியே எழுதித்தான் வைத்தன. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் 1961இல் இயங்கத் தொடங்கிய சி.டி.எஸ்.எஸ். என்னும் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினித் தொகுதியில், 1960களின் நடுப்பகுதியில் இரண்டு கோப்புகள் இடம்மாறிப் போனதால், அனைவருடைய கடவுச்சொற்களும் அன்றைய வரவேற்புச் செய்தியாகத் திரும்பத் திரும்ப அச்சாகின. அதே பத்தாண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் றொஜர் நீதாம் ஒரு மாற்று வழியைக் கையாண்டார்: சொல்லைச் சேமிக்காமல், அதை ஒருவழிக் கணிப்பு ஒன்றுக்கு உட்படுத்தி, அதன் விளைவை மட்டும் சேமிப்பது. இன்று ஹாஷ் எனப்படுவது இதுவே. அரிசியை மில்லில் திரித்து மாவாக்கலாம், மாவை அரிசியாக்க முடியாது என்பதோடு இதை ஒப்பிடலாம். ஆனால் இந்த மில் சற்று விசித்திரமானது. அதே அரிசியை எத்தனை தடவை இட்டாலும் துகள் பிசகாமல் அதே மா வரும். ஒரு மணி மாறினால் மா முழுவதும் வேறாகிவிடும். எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறையில் ஓர் எழுத்தை மாற்றினால், விளைவின் 256 பிட்டுகளில் (0 அல்லது 1 ஆக இருக்கும் கணினியின் மிகச் சிறிய அலகுகளில்) ஏறத்தாழப் பாதி மாறும். நீங்கள் தட்டும் சொல்லைக் கணினி மீண்டும் திரித்துப் பார்க்கிறது. பழைய மாவுடன் ஒத்துப்போனால் கதவு திறக்கும். இருவருக்கு ஒரே கடவுச்சொல் அமைந்தாலும் மா வேறாக இருக்கும்படி ஒவ்வொன்றிலும் தற்செயலான சில பிட்டுகளைக் கலக்கும் முறையைக் கணினி ஆய்வாளர்களான றொபேட் மொறிஸும் கென் தொம்சனும் 1979இல் விவரித்தனர். அதற்கு வழங்கும் பெயர் 'உப்பு'.

திரும்ப எடுக்க முடியாததை ஊகித்துப் பார்க்கலாம் அல்லவா? கணக்கைப் பூட்டுவது அதைத் தடுப்பதற்காகவே. 2022இல் வெளிவந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவப்படும் கணினிகளில், பத்துத் தவறான முயற்சிகளுக்குப் பின் கணக்குப் பத்து நிமிடங்களுக்குப் பூட்டப்படுகிறது. அந்நேரத்தில் சரியான சொல்லைக் கொடுத்தாலும் ஏற்காது. அப்படியானால் ஒரு நாளைக்கு 1,440 முயற்சிகளே சாத்தியம். நான்கு இலக்க எண்ணாயின் ஏழு நாளில் எல்லாவற்றையும் முயன்று முடிக்கலாம். எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துகளாயின் 20,882 கோடி சேர்க்கைகள், அதாவது ஏறத்தாழ நான்கு இலட்சம் ஆண்டுகள்.

ஆகவே பூட்டப்பட்ட கணக்கில் எதுவும் பழுதாகவில்லை. மாங்குளத்தில் நாங்கள் தேநீர் குடித்துவிட்டு வந்தோம், பூட்டுத் தானாக விலகியிருந்தது. சொல்லும் சரியாகவே இருந்தது. விசைப்பலகைதான் தமிழில் நின்றது. பாமினியில் தட்டெழுதிய காலத்தில் இந்தத் தொல்லை இல்லை, ஏனெனில் பாமினி வெறும் எழுத்துரு; கணினிக்குள் சென்றவை ஆங்கில எழுத்துகளே. யூனிகோட் தமிழ் விசைப்பலகையோ உண்மையான தமிழ் எழுத்துகளையே அனுப்புகிறது, கடவுச்சொல் பெட்டியோ எதையும் புள்ளிகளாகவே காட்டுகிறது. நுழைவுத் திரையின் வலது கீழ் மூலையில் மொழியைப் பார்ப்பதும், பெட்டியின் ஓரத்திலுள்ள கண் அடையாளத்தை அழுத்திப் பார்ப்பதும் பல மணிநேர அலைச்சலை மிச்சப்படுத்தும்.

உண்மையிலேயே மறந்துபோனால், நிர்வாகி உரிமையுள்ள வேறொரு கணக்கினூடாகப் பழைய ஹாஷை நீக்கிப் புதியதை வைக்கலாம். மீட்பது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த மாற்றீட்டைத்தான். இதற்கு ஒரு விலை உண்டு. விண்டோஸில் தனித்தனியாக மறைகுறியாக்கப்பட்ட, அதாவது திறவுகோலின்றி வாசிக்க முடியாதபடி மாற்றப்பட்ட, கோப்புகளும் சேமித்த சில இரகசியங்களும் பழைய கடவுச்சொல்லிலிருந்து பெறப்பட்ட திறவுகோலால் காக்கப்படுகின்றன. பழைய சொல்லைத் தெரிந்தவரே அதை மாற்றினால் அவையும் கூடவே புதுப்பிக்கப்படும், வேறொருவர் மாற்றினால் அவை பெரும்பாலும் திறக்காமலே போய்விடும்.

கடைகளில் இதையே யூ.எஸ்.பி. ஒன்றிலிருந்து கணினியை இயக்கி, ஹாஷ் இருக்கும் கோப்பை வெளியிலிருந்து திருத்திச் செய்வார்கள். வட்டு முழுவதும் விண்டோஸின் பிட்லொக்கர் என்னும் வசதியால் மறைகுறியாக்கப்பட்டிருந்தால் அந்த வித்தை பலிக்காது. வட்டின் திறவுகோலைக் காக்கும் டி.பி.எம். என்னும் பாதுகாப்புக் கூறு, கணினி வழமையான முறையில் தொடங்கவில்லை என்று கண்டால் அதை வெளிவிடாது. திரை மீட்புத் திறவுகோலாக 48 இலக்கங்களைக் கேட்கும். ஆறு இலக்கங்கள் கொண்ட எட்டுத் தொகுதிகள் அவை. ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும், வகுத்து வருவது 16 பிட் எண், எட்டும் சேர்ந்தால் 128 பிட். ஓர் இலக்கத்தைப் பிழையாகத் தட்டினால் வகுபடாமல் போய்விடும் என்பதால், எந்தத் தொகுதியில் பிழை என்பதைக் கணினி உடனே சொல்லிவிடும். எனக்கு இந்த ஏற்பாட்டில் தனி மதிப்பு உண்டு. பாதுகாப்பை வடிவமைப்பவர்கள் தட்டச்சுப் பிழையை நினைத்துப் பார்ப்பது அரிது.

அந்த இலக்கங்கள், கணினியை முதலில் அமைத்தவரின் மைக்ரோசொஃப்ட் கணக்கிலேயே வழமையாகச் சேமிக்கப்படும். விற்ற கடையில் அவசரத்துக்கு உருவாக்கிய மின்னஞ்சலாகவோ, கைவிட்டுப்போன சிம் எண்ணுடன் இணைந்த கணக்காகவோ அது இருந்தால், அவ்விலக்கங்களை எட்டும் வழியும் அடைபட்டுவிடும். மாங்குளத்துக் கணினியில் அது முன்னைய செயலாளரின் சொந்தக் கணக்காக இருந்தது. அவர் மறுநாள் வந்து தமது கணக்கில் நுழைந்து 48 இலக்கங்களையும் அச்சிட்டுக் கொடுத்தார். தாள் இப்போது அலுமாரியில், காசோலைப் புத்தகத்துடன் இருக்கிறது.