க்ருதித்தே என்றால் சைவம் அல்ல

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கடைக்கு ஓர் அம்மா வருவார். பாரிஸின் லாசப்பல் பகுதியில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, வேலைக்குப் போகிற வழியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு சான்ட்விச் வாங்குவார். கண்ணாடிப் பெட்டியை விரலால் காட்டி, "தம்பி, அந்த மரக்கறிச் சான்ட்விச்" என்பார். சீட்டில் 'க்ருதித்தே' என்று எழுதியிருக்கும். பச்சையாகச் சாப்பிடும் காய்கறிகள் என்றுதான் அதற்குப் பொருள். நான் அந்தக் கடையில் சேர்ந்து முதல் வெள்ளிக்கிழமை அவரிடம், "அம்மா, இண்டைக்கு விரதமோ?" என்று கேட்டேன். ஓம் என்றார். "இதுக்குள்ள அவிச்ச முட்டை இருக்கு. மயோனேஸும் முட்டையிலதான் செய்யிறது" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மூன்று வருடமாக வெள்ளி தவறாமல் அதைத்தான் வாங்கியிருக்கிறார்.

யாரும் அவரை ஏமாற்றவில்லை. அந்தச் சான்ட்விச்சின் வழமையே அதுதான். சலாது இலை, தக்காளி, முட்டை, மயோனேஸ். பிரெஞ்சுக்காரருக்கு அது சொல்லாமலே தெரியும். நமக்குத் தெரியாது. பாரிஸ் குசினிகளில் 21 வருடம் வேலை செய்த பிறகு எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று இதுதான்: இந்த நாட்டுச் சான்ட்விச்சில் பெயருக்குள் பாதி விஷயம்தான் இருக்கும், மீதியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு எத்தனையோ பேர் வாங்கிப் போவதை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பாண். இதில் பயம் குறைவு. 'பகெத் திரதிசியோன்', அதாவது பாரம்பரிய முறையில் செய்த நீளப் பாண், என்று கேட்டு வாங்கினால் மா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மா, அவ்வளவுதான். 1993 செப்டம்பர் 13 அன்று வந்த அரசாணை இதைக் கட்டுப்படுத்துகிறது. வேறு சேர்மானப் பொருள் போடக்கூடாது, எந்தக் கட்டத்திலும் உறைய வைக்கக்கூடாது. அவரை மா, சோயா மா, முளைகட்டிய தானிய மா மட்டும் மிகச் சிறிய அளவில் அனுமதி. சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் இதைக் கவனியுங்கள். 2022 நவம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது பகெத்தைச் செய்யும் கைத்திறனையும் அதைச் சுற்றிய வாழ்க்கையையும்தான். அடுத்த வருடமே பாரிஸின் சிறந்த பகெத்துக்கான பரிசை இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா வென்றார். ஜனாதிபதி மாளிகைக்கு ஒரு வருடம் பாண் கொடுக்கும் பொறுப்பும் அந்தப் பரிசோடு சேர்ந்து வரும். அன்றைக்கு எங்கள் குசினியில் பாத்திரம் கழுவுகிற தம்பியிலிருந்து சமையல் தலைவர் வரை எல்லோரும் அதைத்தான் கதைத்தார்கள்.

ஆனால் மென்மையான பாண் என்றால் நிதானம் வேண்டும். 'பான் த மி' என்கிற சதுரப் பாணிலும் 'வியன்வா' பாணிலும் பால் அல்லது பட்டர் இருக்கலாம். பிரியோஷ் என்றால் முட்டையும் உண்டு.

இந்த நாட்டின் அடிப்படைச் சான்ட்விச் 'ஜம்போன் பேர்'. அரை பகெத், உப்பில்லாத பட்டர், அவித்த பன்றித் தொடை இறைச்சி. இவ்வளவுதான். நன்றாகச் செய்தால் இதைவிட நேர்மையான சாப்பாடு கிடையாது என்று பன்றி சாப்பிடுகிறவர்கள் சொல்வார்கள், நானும் அதை ஏற்றுக்கொள்கிறேன். 2017இல் பிரான்ஸில் இது சுமார் 122 கோடி விற்றது. அந்த வருடம்தான் முதல் தடவையாக ஹம்பர்கர் 146 கோடி விற்று இதை முந்தியது. இதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை, ஆனால் தினமும் சாப்பிடுகிற கட்டட வேலைத் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் வகைப்படுத்தியது. அந்த ரோஜா நிறத்துக்கு நைத்திரைற்று உப்புதான் காரணம். பிரான்ஸின் உணவுப் பாதுகாப்பு அமைப்பான ஆன்செஸ் 2022இல் அந்த உப்புக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை உறுதி செய்து, இந்த வகை இறைச்சியை வாரத்துக்கு 150 கிராமுக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னது. நான் ஒரு சான்ட்விச்சுக்கு 60 கிராம் வைக்கிறேன். கணக்கு உங்களிடமே இருக்கிறது.

க்ரோக் மிசியு, க்ரோக் மதாம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுட்ட சதுரப் பாணுக்குள் ஜம்போன், சீஸ், பல கடைகளில் மேலே பெசமெல் என்கிற, பாலும் மாவும் சேர்த்த குழம்பு. மதாம் என்றால் அதன் மேல் ஒரு முட்டை. பன்றிக்குப் பதில் வான்கோழி ஜம்போன் போடுகிற கடைகள் இருக்கின்றன. வான்கோழிக்கு 'தேந்த்' என்று பெயர். அந்தச் சொல்லைப் பார்க்காமல் நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

சீஸ் விஷயத்தில்தான் சைவக்காரர் அதிகம் தவறுகிறார்கள். கொம்தே, கமம்பேர் த நோர்மந்தி, ப்ரி த மோ போன்ற பாரம்பரிய முத்திரை பெற்ற சீஸ்களில் பாலைத் திரைய வைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி. அதற்குப் பிரெஞ்சில் 'ப்ரெசூர்'. பொதியில் அந்தச் சொல் இருந்தால் அது விலங்கிலிருந்து வந்தது. 'கோவாகுலான்' என்று போட்டு, தாவரம் அல்லது நுண்ணுயிர் என்று சொல்லியிருந்தால் அந்தக் கவலை இல்லை. இதைச் சாப்பிடலாமா கூடாதா என்று நான் சொல்ல வரவில்லை, அது அவரவர் வீட்டு முடிவு. தெரிந்து முடிவெடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

அதே சீஸ் கர்ப்பிணிகளுக்கு வேறொரு காரணத்தால் ஆகாது. முத்திரை பெற்ற கமம்பேரும் ப்ரியும் காய்ச்சாத பாலில் செய்பவை. லிஸ்டீரியா என்கிற கிருமி அதில் இருக்கலாம், தாய்க்கு லேசான காய்ச்சல்போல வந்து வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். போன கோடையில் ஒரு தங்கச்சி, ஏழு மாதம் இருக்கும், ப்ரி வைத்த சான்ட்விச் கேட்டார். சொன்னேன். "அண்ணா, டொக்டர் சீஸ் சாப்பிடச் சொன்னவர், கல்சியத்துக்கு" என்றார். டொக்டர் சொன்னது சரிதான், எந்தச் சீஸ் என்பதுதான் விடுபட்டுப் போனது. கொம்தே காய்ச்சாத பாலில் செய்தாலும், சூடாக்கி அழுத்தி மாதக்கணக்கில் முதிர வைப்பதால் அதற்கு விலக்கு உண்டு. பத்தே, ரியெத் போன்ற இறைச்சிப் பூச்சுகள், புகையூட்டிய மீன் இவற்றையும் அந்த மாதங்களில் தள்ளி வையுங்கள். 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் காய்ச்சாத பால் சீஸ் வேண்டாம்.

மீன் சாப்பிடுகிறவர்கள் நீஸ் பக்கம் போனால் 'பான் பன்யா' கட்டாயம் சாப்பிட வேண்டும். நீஸ் மொழியில் 'குளித்த பாண்' என்று அர்த்தம். வட்டப் பாணை வெட்டி, ஒலிவ் எண்ணெயில் ஊற விட்டு, தக்காளி, முள்ளங்கி, வெங்காயத் தாள், ஒலிவ் காய், துளசி இன இலை, அவித்த முட்டை, டூனா அல்லது நெத்தலி. பட்டர் இல்லை, இறைச்சி இல்லை. மயோனேஸ் போட்டால் நீஸ் ஆட்கள் சண்டைக்கே வருவார்கள். எனக்குத் தெரிந்து பிரான்ஸில் மரக்கறியை இவ்வளவு மரியாதையாக நடத்தும் சான்ட்விச் வேறில்லை.

டூனா என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. முன்பு நான் வேலை செய்த ஓர் இடத்தில், வெயில் நாளில் திறந்த டூனாவைக் காலையிலிருந்து மத்தியானம் வரை மேசையிலேயே விட்டுவிட்டார்கள். சாப்பிட்ட இரண்டு பேருக்கு அரை மணித்தியாலத்தில் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலையிடி. மீன் ஒவ்வாமை என்று நினைத்தார்கள். அது ஹிஸ்டமின் என்கிற பொருள் செய்த வேலை. இந்த வகை மீன் சூட்டில் கிடந்தால் அது உருவாகும், உருவான பிறகு எவ்வளவு சமைத்தாலும் போகாது. அதனால் பிள்ளைக்கு டூனா சான்ட்விச் கட்டினால் பள்ளிக்கூடப் பைக்குள் ஐஸ் கட்டி ஒன்றும் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டி 4 பாகைக்கு மேல் போகக்கூடாது.

இனி நம் பிள்ளைகள் உண்மையில் சாப்பிடுகிறவற்றுக்கு வருவோம். அவர்கள் ஜம்போன் பேர் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. டாக்கோஸ், கிரெக், அமெரிக்கன், இவைதான்.

கிரெக் என்றால் கிரேக்கச் சான்ட்விச் என்று பொருள், ஆனால் பாரிஸில் கெபாபுக்கே அந்தப் பெயர். அந்தச் சுழலும் கம்பியில் பல கடைகளில் இருப்பது வான்கோழியும் 'வோ'வும் கலந்த இறைச்சி. வோ என்றால் கன்றுக்குட்டி. மாட்டிறைச்சிக்குப் பிரெஞ்சில் 'பேஃப்' என்று தெரிந்து வைத்துக்கொண்டு, "பேஃப் இல்லை" என்று கடைக்காரர் சொன்னதும் நிம்மதியாகச் சாப்பிடுகிற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. கேள்விதான் போதவில்லை. இரண்டு சொல்லையும் கேளுங்கள்.

பிரெஞ்சு டாக்கோஸுக்கும் மெக்சிகோவுக்கும் பெயரைத் தவிர அதிக உறவு இல்லை. 2000களில் லியோன், கிரெனோபிள் பக்கத்துப் புறநகர்களில் பிறந்தது. ரொட்டிக்குள் இறைச்சி, உருளைக்கிழங்குப் பொரியல், சீஸ் குழம்பு எல்லாவற்றையும் மடித்துச் சுடுவார்கள். மடித்து மூடிவிடுவதால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. கோழி என்று நினைத்து 'கொர்தோன் ப்ளே' தெரிவு செய்தால் அதற்குள் ஒரு ஜம்போன் துண்டு இருக்கும். வான்கோழியா பன்றியா என்று கேட்டே ஆக வேண்டும்.

அமெரிக்கன் என்பது அரை பகெத்துக்குள் அரைத்த மாட்டிறைச்சி வில்லையும் பொரியலும். லீல் பக்கம் இருப்பவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: எல்லை தாண்டிப் பெல்ஜியத்தில் அமெரிக்கன் சான்ட்விச் கேட்டால், பாணில் பூசித் தருவது சமைக்காத மாட்டிறைச்சி அரைப்பு. பெயர் ஒன்று, சாப்பாடு வேறு.

இந்த வில்லை விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். முழு இறைச்சித் துண்டில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும், சட்டியில் பட்டதும் சாகும். அரைக்கும்போது மேலே இருந்தது உள்ளே போய்விடும். நடுப்பகுதி 70 பாகை காணாவிட்டால் அங்கே இ. கோலை என்கிற கிருமி உயிரோடு இருக்கும். பெரியவருக்கு அது வயிற்றோட்டத்தோடு போகலாம். சின்னப் பிள்ளைக்குச் சிறுநீரகத்தைத் தாக்கும். பிரான்ஸில் 3 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் திடீரெனச் சிறுநீரகம் செயலிழக்க முதன்மைக் காரணம் இந்த நோய்தான். வயிற்றோட்டம், சில வேளை இரத்தத்தோடு. பிறகு பிள்ளை வெளிறிப்போய்ச் சோர்ந்து கிடக்கும், மூத்திரம் குறையும். அப்படிக் கண்டால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

இந்த நாட்டில் வாடிக்கையாளர் பலர் நடுவில் ரோஜா நிறமாக இருக்கத்தான் கேட்பார்கள், குசினியும் அதற்கே பழகியிருக்கும். அதனால் பிள்ளைக்கு வாங்கும்போது "பியன் குயி, சே பூர் அன் ஆன்ஃபான்" என்று சொல்லுங்கள். நன்றாக வேக வைக்கவும், பிள்ளைக்கு. நான் அடுப்படியில் நிற்கும்போது இந்த வசனம் காதில் விழுந்தால் இன்னொரு நிமிடம் வைத்துவிட்டு, வெட்டிப் பார்த்துத்தான் கொடுப்பேன். கொடுத்த பிறகும் உள்ளே சிவப்புத் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். எந்தச் சமையற்காரரும் அதற்காகக் கோபிக்கக்கூடாது.

பாரிஸின் பெல்வில், 13ஆம் வட்டாரம் பக்கம் கிடைக்கிற வியட்நாம் சான்ட்விச்சான பான் மீயும் எனக்குப் பிடித்தது, ஆனால் தோஃபு வைத்ததிலும் மீன் சாறு சேர்ந்திருக்கலாம், ஈரல் பத்தே பூசியிருக்கலாம்.

ஒவ்வாமை உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் இது: முட்டை, பால், எள்ளு, நிலக்கடலை, கடுகு உட்பட 14 பொருட்களைப் பற்றி, பொதி செய்யாத சாப்பாட்டுக்கும் எழுத்தில் தகவல் வைத்திருக்க வேண்டும் என்பது 2015 ஜூலை முதல் இங்கே சட்டம். சின்னக் கடையாக இருந்தாலும் விலக்கில்லை. ஒரு கோவையில் இருக்கும். "லா லிஸ்ட் தேஸ் அலெர்ஜேன், சில் வூ ப்ளே" என்றால் எடுத்துக் காட்டுவார்கள். அதோடு கத்தியையும் பலகையையும் பாருங்கள். மயோனேஸ் பட்ட கத்தியாலேயே அடுத்த பாணை வெட்டினால் அந்தப் பட்டியலால் பயனில்லை. புதுக் கத்தி எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அந்த அம்மாவுக்கு இப்போது வெள்ளிக்கிழமைகளில் தனியாகச் செய்து கொடுக்கிறேன். திரதிசியோன் பாண், தக்காளி, வெள்ளரி, கரட், ஒலிவ் எண்ணெய், உப்பு, மிளகு. பலகையைக் கழுவி, கத்தியைக் கழுவி, கையுறை மாற்றி. சீட்டில் அதற்குப் பெயர் எதுவும் இல்லை. போன மாதம் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு பிரெஞ்சுப் பெண்ணும் அதையே தரச் சொல்லிக் கேட்டு வாங்கிப் போனார்.