தெக்கினியில் யாரும் இல்லை

பத்மநாபபுரம் அரண்மனைக்கு விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போவது எங்கள் வீட்டு வழக்கம். கடைசியாகப் போனபோது, கூட்டத்தில் ஒரு பெரியவர் வழிகாட்டியிடம் மெல்லக் கேட்டார்: "அந்த நாகவல்லி ரூம் எதுங்க?" கண்ணாடிபோல் மின்னும் கறுப்புத் தரை, மூலிகை மரங்களில் செய்த ராஜாவின் கட்டில், இரண்டாயிரம் பேர் சாப்பிடும் ஊட்டுப்புரை, எதுவும் அவருக்குப் பொருட்டில்லை.

நான் மனநல மருத்துவர். அன்று ராத்திரியே நாகவல்லி வரும் 'மணிச்சித்ரத்தாழ்' மலையாளப் படத்தை மறுபடி பார்த்தேன். கங்கா என்ற பெண், செத்துப்போன நடனக்காரி நாகவல்லியாகவே மாறிவிடும் கதை. 1993-ல் வந்தது. நம் ஊரில் 2005-ல் 'சந்திரமுகி' ஆனது இதே கதைதான். பகலில் வெறுங்காலோடு நடந்த இடத்தை ராத்திரி திரையில் பார்த்தால் பயம் பாதி போய்விடுகிறது. அரண்மனை இருட்டாக இருப்பது மழையையும் வெயிலையும் தடுக்கத் தாழ இறக்கிய கூரையாலும் மரச்சட்ட ஜன்னல்களாலும்தான். போதாததற்கு, ஒரே தறவாடாக (பரம்பரை வீடாக) காட்டுவதில் ஒரு பங்கு இங்கே எடுத்தது, இன்னொரு பங்கு 200 கிலோமீட்டருக்கு அப்பால் திருப்புனித்துறை ஹில் பேலஸில் எடுத்தது. நாகவல்லியைப் பூட்டிவைத்த 'தெக்கினி'? நாலுகட்டு வீட்டின் தெற்குக் கட்டுக்கு அதுதான் பெயர். அவ்வளவே.

படம் ஒன்றைச் சரியாகப் பிடித்திருக்கிறது. அதில் வரும் மனநல மருத்துவர் சன்னி, பூட்டிய அறையோடு நிற்காமல் கங்காவின் சிறுவயதைத் தேடிப் போகிறார். பெற்றோர் கல்கத்தாவில், பிள்ளை பாட்டியிடம், திடீரென்று ஒரு தேர்வு நேரத்தில் அழைப்பு. என்னிடம் வரும் பல கதைகளும் இப்படித்தான் தொடங்குகின்றன.

ஒரு பிளஸ் டூ மாணவி. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது குரல் மாறியது. செத்துப்போன அத்தையின் பெயரைச் சொல்லிப் பேசினாள். மந்திரவாதி, தாயத்து, வேப்பிலை அடி எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வந்தார்கள். "சந்திரமுகியாவே மாறிடுறா டாக்டர்" என்றார் அம்மா. முதலில் வலிப்பு, மூளையழற்சி போன்றவை இல்லை என்று உறுதி செய்துகொண்டோம். இதை விட்டுவிட்டு யாரும் 'மனசுதான்' என்று முடிவுகட்டக் கூடாது. அப்புறம் பேச்சு. வாரம் ஒருமுறை, மாதக்கணக்கில். படத்தில் வருவதுபோல ஒரே ராத்திரியில், சுழலும் பலகை ஒன்றை வைத்து, முடிகிற வேலை இல்லை இது. கங்காவைப்போல முழு வாழ்க்கையோடு இன்னொரு ஆள் வந்து உட்காருவதும் அபூர்வம். நான் பார்ப்பது பெரும்பாலும் பத்து நிமிடம், அரை மணி நேரம் வந்து போகும், தன்னை மறந்த நிலை.

அந்த நேரத்தில் வீட்டார் செய்யும் பெரிய தவறு, "நீ யாரு? எதுக்கு வந்தே?" என்று விசாரிப்பது. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வர வர அந்த 'இன்னொருத்தி'க்கு உருவம் கூடும். கூட்டத்தை வெளியே அனுப்புங்கள். அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி, நிதானமாகப் பேசுங்கள். நடிக்கிறாள் என்று சொல்லாதீர்கள். வேண்டுமென்று செய்வதில்லை அது. கட்டிவைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். 2017-ன் மனநலச் சட்டம் சங்கிலியை அடியோடு தடைசெய்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யலாம், காசு கிடையாது.

இதைப் படித்துவிட்டு கோயில் கொடை விழாவில் சாமியாடுகிறவரை என்னிடம் கூட்டிவர வேண்டாம். இசக்கியம்மனோ சுடலைமாடனோ வந்து ஆடி, கொடை முடிந்ததும் மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்குப் போகிறவருக்கு நோய் எதுவும் இல்லை. ஊர் ஒத்துக்கொண்ட சடங்குக்கு வெளியே, அவர் விரும்பாமல், வாழ்க்கையைக் குலைக்கும் அளவுக்கு வந்தால்தான் அது எங்கள் வேலை.

அந்த மாணவி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். கடைசியாக வந்தபோது அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "டிவியில அந்தப் படம் போட்டா சேனல மாத்திடவா டாக்டர்?"

"வேண்டாம்மா. அவ பார்க்கணும்னா பார்க்கட்டும். நீங்களும் பக்கத்துல உக்காருங்க" என்றேன்.